ஆறாவது இடம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. தடம் புரண்ட ரயிலுக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க, மேசைமேல் பொம்மை ரயில் ஓட்டிப் பார்க்கப் போகிறார்களாம். கேட்ட ஆத்திரத்தில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: 'மாலை வெயிலில் தண்டவாளம் பொன்னாய் மின்னியது.' அடித்துவிட்டேன். பார்ப்பவனுக்கு மின்னும், தூக்குகிறவனுக்குச் சுடும்.

2

மட்டக்கோல் என்று கூப்பிடுவார்கள் அவரை. இருபத்திரண்டு வருடம் தண்டவாள வேலை. வளைவில் இருபது மீட்டர் கயிற்றை இழுத்துப் பிடித்து, கயிற்றின் நடுவுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பார். நல்ல வளைவென்றால் எல்லா இடத்திலும் ஒரே எண். பின்னால் ரயில் புரண்ட அந்த வளைவில் நூற்று அறுபது மில்லி, நூற்று அறுபது. ஆறாவது இடத்தில் மட்டும் இருநூறு. அங்கே வளைவு அளவுக்கு மேல் மடங்கி நொடித்திருந்தது. மேலிடத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் கடிதம் போன பன்னிரண்டாம் நாள், அதே இடத்தில் இரண்டு பெட்டிகள் கவிழ்ந்தன. வேலை நீக்க நோட்டீஸ் வந்தது மட்டக்கோலுக்கு.

(இங்கே அவர் மனைவி அழும் காட்சி ஒன்று இருந்தது. அந்த அம்மா படித்தால் காறித் துப்புவார். எடுத்துவிட்டேன்.)

3

அந்த வளைவை மேசைமேல் செய்யும் வேலை, அவருடைய மச்சானுக்கே போனது. மச்சான் தச்சர். விசாரணை நாளன்று மட்டக்கோல் முன்னதாகவே போனபோது, தச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மச்சான், ஜாயிண்ட் ஒண்ணாவது தெரியுதா?"

மட்டக்கோல் ஒரு சாண் நூலை எடுத்து வளைவில் பிடித்தார். பதினாறு மில்லி. அடுத்தது பதினாறு. ஆறாவது இடமும் பதினாறு.

"எந்த வளைவுய்யா இது?"

"கடையில மூணு சைஸ்தான். பலகை அகலத்துக்கு நடு சைஸ் கச்சிதமா உக்காந்துச்சு. அழகா இருக்கணும்னு ஆர்டர் குடுத்த ஐயா சொன்னாரு."

"அழகு பாக்க இது என்ன அலமாரியா? என் பொழப்பு கவுந்த இடத்த இஸ்திரி போட்டு வச்சிருக்க!"

"கத்தாத. வண்டி வழுக்கிட்டு ஓடுது பாரு."

"அதான்யா வயிறு எரியுது. இது ஓடினா வளைவு நல்ல வளைவும்பாங்க. அப்ப பொய்க்காரன் யாரு?"

தச்சர் துணியை வைத்துவிட்டு, மிச்சத் துண்டுகள் கிடந்த டப்பாவை எடுத்தார்.

4

தச்சரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? 'கோபம் ஒரு இடத்துல தூக்கலா இருக்கு, கொஞ்சம் சமன் பண்ணுங்க' என்றார் பத்திரிகைக்காரர். நானும் பண்ணினேன். எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியாது. அவ்வளவு நேர்த்தி.

5

தச்சர் டப்பாவைக் கொட்டி, சின்ன சைஸ் துண்டு ஒன்றைப் பொறுக்கினார். "இது இன்னும் வளைஞ்சது. ஆறாவதுல போடவா? ஆனா ஜாயிண்ட் வாயப் பொளக்கும்."

"பொளக்கட்டும். அங்க இருந்தது அதான்."

"என் வேலையப் பாத்துச் சிரிப்பாங்கடா."

"என் வேலையப் பாத்து யாரும் சிரிக்கல. புடுங்கிட்டாங்க."

தச்சர் பழைய துண்டைக் கழற்றினார்.

6

முடிவு அ: பொம்மை ரயில் கவிழ்ந்தது, அதிகாரி தலைகுனிந்... ச்சீ. பொம்மைக்கு எடை ஏது? நொடித்த இடத்திலும் ஓடிவிடும்.

முடிவு ஆ: ஓடியது. ஓடினால், அந்த மூன்று கடிதங்களும்...

வேண்டாம். விசாரணைக் குழு உள்ளே வந்துவிட்டது. ஆறாவது இடத்தில் இப்போது தண்டவாளமே இல்லை. மேசைமேல் இரண்டு துண்டுகள் கிடக்கின்றன: ஒன்று அழகாகப் பொருந்தும், ஒன்று பொருந்தாது.

"இங்க என்னப்பா இருந்துச்சு?" என்கிறார் தலைவர்.

நான் எழுதினால் வழவழவென்று வரும். நீங்களே ஒன்றை எடுத்து மாட்டுங்கள். ஆனால் மாட்டுமுன் கீழே உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். மட்டக்கோல் மூன்று முறை எழுதினார்.