கட்டைவிரலுக்கு லீவு

நைனா முகம்மதுவின் கட்டைவிரலில் ரேகையே இல்லை என்று குடிநுழைவு அலுவலகத்து இயந்திரம் சொன்னபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். துடைத்து வைத்தான், ஊதி வைத்தான், பிஸ்மில்லா சொல்லி வைத்தான். சிவப்பு விளக்குதான் எரிந்தது. ரேகை பதிந்தால்தான் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியும், ரேகை வளர்ந்ததும் வாருங்கள் என்று அங்கிருந்த அதிகாரி பணிவோடு அனுப்பி வைத்தார். அப்படிப் பணிவாகப் பேசுகிறவரிடம் சண்டை போடவும் முடியாது.

இயந்திரத்தைச் சொல்லி என்ன பயன்? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருக்கும் எங்கள் நாசி கண்டார் சோற்றுக்கடையில் தட்டு கழுவுகிறவன் அவன்தான். தேங்காய்ப்பால் பிழிகிறவனும் அவன்தான். சோப்பும் சுடுதண்ணீரும் சேர்ந்து விரலை வழித்துவிட்டன. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவன் கிளம்பியபோது மனைவி வயிற்றில் இருந்த மகள் இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். பெர்மிட் கிடைத்தால் லீவில் போய் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கிடைக்காவிட்டால் போனவன் போனவன்தான். ஊரில் அவனுக்கு வேலை எதுவும் காத்திருக்கவில்லை.

எங்கள் முதலாளி ஹபீபா பீவி ஆளுக்கு லீவு கொடுத்துப் பழக்கமில்லாதவர். ஆனால் விரலுக்கு லீவு கொடுத்தார். தேங்காய் எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி சுற்றி, தண்ணீர் படாமல் விரலைத் தூக்கியே வைத்திருக்கச் சொல்லி அவனைக் கடை வாசலில் நிறுத்தினார். கல்லாவில் காலாட்டிக்கொண்டிருந்த என்னைத் தட்டு கழுவ அனுப்பினார். நான் இந்த மண்ணில் பிறந்தவன், அவருடைய அக்கா மகன் வேறு. ஒன்றும் எடுபடவில்லை.

வாசலில் ஒருவன் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றால் சுற்றுலா வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? சாப்பாடு பிரமாதம் என்கிறான் என்று நினைத்தார்கள். பதிலுக்கு அவர்களும் விரலை உயர்த்தினார்கள், சேர்ந்து படம் பிடித்தார்கள், அப்படியே வரிசையில் நின்றார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் சலாம் சொன்ன கையோடு விரலின் நலம் விசாரித்தார்கள். எதிர்க்கடைக்காரர் போட்டியை மறந்து, தோலுக்கு நல்லதென்று பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரும் ஒருவனுக்குத் துணி சுற்றி வாசலில் நிறுத்திவிட்டார்.

அதுவரை வாய் திறக்காத நைனாவுக்கு மலாய் வந்தது, ஹொக்கியன் சீனம் வந்தது, அதிகாரமும் வந்தது. கிளாசில் சோப்பு போகவில்லை என்று உள்ளே வந்து எனக்கே உத்தரவு போட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் விரல்கள் ஊறி உரியத் தொடங்கியபோது, இவன் இத்தனை காலம் முணுமுணுக்காமல் எப்படி நின்றான் என்று மலைப்பாகத்தான் இருந்தது.

கடைசியில் ரேகை தெரிந்தது. ஹபீபா பீவி டார்ச் அடித்துக் காட்ட, பெருநாள் பிறையைப் பார்ப்பதுபோல் கடையே கூடி நின்று பார்த்தது. மறுபடி அலுவலகத்துக்குப் போனோம். பச்சை விளக்கு எரிந்தது. நான் அழுதுவிட்டேன். அவன் துணியை எடுத்துப் பத்திரமாகத் திரும்பச் சுற்றிக்கொண்டான்.

ஊருக்குப் போனவன் படம் அனுப்பினான். மகள் அவன் இடுப்பில் இருக்கிறாள். அவன் சிரிக்கிறான். இடது கை அவளை அணைத்திருக்கிறது. வலது கை மட்டும் அவளுக்கு எட்டாத தூரத்தில் தூக்கி நிற்கிறது, விரலில் துணியோடு. குழந்தை அதைப் பிடிக்க எம்புகிறாள்.

ஹபீபா பீவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை என் கையில் திணித்தார்.

"அந்தத் துணிய அவுக்கச் சொல்லு. புள்ளைய ரெண்டு கையாலயும் தூக்கச் சொல்லு லா."

உடனே அழைத்துச் சொன்னேன். அவன் பக்கத்தில் குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"முடியாது அண்ணே," என்றான் நைனா. "திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்லயும் மிஷின் இருக்குல்ல."