இரண்டு வரிக்கு மேல் இடமில்லை

பெரியவளுக்குப் பிழைப்பு வேற்றுமொழிப் படங்களுக்குச் சப்டைட்டில் எழுதுவது. அந்தத் தொழிலில் சட்டம் ஒன்றுதான்: எவன் எவ்வளவு நீட்டி முழக்கினாலும் திரையில் இரண்டு வரி. மிச்சத்தை வெட்டிப் போட வேண்டும். பதினாறு வருஷமாக வெட்டி வெட்டி, வீட்டிலும் அவள் பேச்சு சுருங்கிப் போயிருந்தது.

அன்று காலைக் காட்சிக்கு அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பிரெஞ்சுப் பாடகி ஒருத்தியின் வாழ்க்கைக் கதை. மந்திரியை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டே அவரைக் கிழிகிழியென்று கிழித்துப் பாடி, ஜெயிலுக்குப் போய், வெளியே வந்ததும் அதே பாட்டை மறுபடி பாடியவள். சரியான அடங்காப்பிடாரி. அப்பாவுக்குப் பாட்டெல்லாம் கேட்காது. நூற்பாலை இரைச்சலில் முப்பது வருஷம் நின்றதில் காது போய்விட்டது. பெரியவள் எழுதியதைத்தான் படிப்பார்.

அவரைப் பொழுதுபோக்க ஒன்றும் அழைத்துப் போகவில்லை. சின்னவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பாட்டுக்குழுவோடு போகிறேன் என்று பத்தொன்பது வயதில் படியிறங்கியவள். இப்போது ஈரல் கெட்டு, டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

"அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டு வாக்கா. நான் வாயே தெறக்க மாட்டேன்" என்கிறாள். வாயைத் திறந்து பாடியதற்குத்தானே அவளை விரட்டினார்! பெரியவள் மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அதனால் தொழிலுக்குத் துரோகம் செய்தாள். படத்தில் பாடகியை அவள் அப்பன் வெளியே தள்ளும்போது ஒரே ஒரு சொல்தான் சொல்வான்: போ. அந்த இடத்தில், அன்று அப்பா வாசலில் நின்று சின்னவளிடம் சொன்னதை எழுதிவைத்தாள்.

"நீ செத்துட்டேன்னு நெனச்சுக்கறேன்.
உன்னைத் தலைமுழுகியாச்சு."

தன் சொல்லைத் தானே படித்தால் மனுஷனுக்கு உறைக்காதா என்ற நப்பாசை. படம் முடிந்ததும் நல்ல சேதி சொல்வதாகச் சின்னவளிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தக் காட்சி வந்தது. பெரியவள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வரிகள் தெரிந்து மறைந்தன. மனுஷன் இமைகூடக் கொட்டவில்லை.

ஆனால் கடைசியில் பாடகி ஒரு லாட்ஜ் அறையில் நாதியற்றுச் செத்துக் கிடந்தபோது அப்பா தோள் குலுங்க அழுதார். "பாவம்டி. பெத்தவன் ஒரு நடை போய்ப் பாத்திருக்கலாம்" என்றார். பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. விளக்குப் போட்டதும் உதடு தெரியும்படி அவர் பக்கம் திரும்பினாள்.

"போலாமாப்பா? ஆஸ்பத்திரி ரெண்டு ஸ்டாப்தான்."

அப்பா கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். மில் இரைச்சலில் அடுத்தவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவர் அவர்.

"அந்த ஆளு ஒரு வார்த்தைதான் சொன்னான். நீ ரெண்டு வரி எழுதியிருக்க."

"அது நீங்க சொன்னதுப்பா."

"தெரியுது. முழுசா எழுதலையே." காது கேளாதவர் குரல் எப்போதுமே ஒரு கட்டை உசத்தி. எழுந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பொணமாக் கெடந்தாலும் வந்து பாக்க மாட்டேன்னும் சொன்னேன். அதை ஏன் விட்ட?"

அழுத கண் இன்னும் காயவில்லை.

"இடம் இல்லப்பா" என்றாள் பெரியவள்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவள் கைப்பையில் போன் அதிர்ந்தது. சின்னவள்தான் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "படம் முடிஞ்சுதாக்கா? அப்பா என்ன சொன்னாரு?"

பெரியவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அப்புறம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மிஞ்சியதை அனுப்பினாள்.

"அப்பா அழுதாரு."