தடுப்புக் கம்பத்தின் இந்தப் பக்கம்

“அதுக்காக வாசல் வரைக்கும் வந்தவரை எப்படிம்மா திருப்பி அனுப்பறது?” என்று டிப்போ மாமா மறுபடியும் கேட்டார்.

“வந்த வழியாத்தான்” என்றாள் தங்கை. கேட்டின் கொண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே அக்காவின் புருஷன் நின்றுகொண்டிருந்தான். கூட அவன் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர். ஆளுயரத்துக்குப் பாதி இருந்த ஒரு பூ வளையத்தை அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். அதன் குறுக்கே ஓடிய நாடாவில் அவன் பெயர் பெரிய எழுத்திலும் அக்காவின் பெயர் சின்ன எழுத்திலும் இருந்தன. செத்தது யார் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் குழம்பிப் போவார்கள். அதைப் பார்த்ததும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடியும்போது ஆஸ்பத்திரியில் அக்கா போய்விட்டாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, டயாலிசிஸ் நாற்காலியே கதியென்று கிடந்து, கடைசியில் இதயமும் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டுக் கிடத்தியாகிவிட்டது. மதியம் வண்டி வரும். அதுவரை தங்கைக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அக்காவின் முகத்தை அவன் பார்க்கக் கூடாது. அக்கா கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். தன் வளையல் யாருக்கு, சேலை யாருக்கு என்றெல்லாம் அவள் எதுவும் சொல்லவில்லை. இதை மட்டும்தான் சொன்னாள்.

மாமா அம்மாவின் தம்பி. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் டிப்போ மாமா. எந்த விசேஷமானாலும் துக்கமானாலும் அவருக்கு வண்டி நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். வாசலில் தகராறு நடந்தால் வண்டி தாமதமாகும் என்பதுதான் அவருடைய முதல் கவலை என்று தங்கைக்குத் தோன்றியது. தோன்றியதும் அவர் மேலும் கோபம் வந்தது. அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் அவளுக்குக் கோபம்தான். தேநீர் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள் மேல்கூட, சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்காக.

“சாப்பிட்டியாம்மா? முகமெல்லாம் வாடிப்போச்சே” என்றான் வெளியே நின்றவன், மெதுவாக.

நல்ல குரல் அவனுக்கு. அதுதான் அவன் பிழைப்பு. கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு எதுவானாலும் மைக் பிடித்துத் தொகுத்து வழங்குவான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அக்காவும் விழுந்தாள். உடம்பு முடியாமல் போனதும் அவளைக் காரில் ஏற்றி, இரண்டு பெட்டிகளோடு அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்” என்று அதே குரலில்தான் சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் அந்தக் குரல் ஊரில் எல்லா மேடையிலும் கேட்டது, இந்த வீட்டு போனில் மட்டும் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு அவளாகத்தான் போனாள் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தான்.

தங்கை படிப்பது மனிதாபிமானப் பணியும் அமைதி வளர்ப்பும் என்ற முதுகலைப் படிப்பு. டாக்டருக்கா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இல்லை. வக்கீலுக்கா? இல்லை. அப்புறம் எதுக்கு என்பார்கள். அக்காதான் விளக்கம் சொல்வாள். “ரெண்டு பேர் அடிச்சுக்கற இடத்துல போய் நடுவுல நிக்கிற படிப்பு. ரெண்டு பக்கமும் வாங்கிக்கலாம், அதுக்குச் சான்றிதழும் உண்டு.” சேர்ந்த அன்றைக்கே தங்கைக்கு வெள்ளைக்கொடி என்று பெயர் வைத்துவிட்டாள். “ஏய் வெள்ளைக்கொடி, ரிமோட் எங்கடி?”

அக்கா ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். சொல்லிக்கொடுப்பவருக்கென்று இடப் பக்கமும் ஒரு பிரேக் வைத்த கார் அது. அக்காவின் வலது கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். “கண்ணாடியில பின்னாடி வர்ற லாரியைப் பாருங்க சார், உங்க மீசையைப் பார்க்காதீங்க, அது அங்கயேதான் இருக்கும்” என்று பெரிய பெரிய அதிகாரிகளையே வாரிவிடுவாள். டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் ஆட்டோக்காரர் திடீரென்று திருப்பினால் அவள் கால் தானாகத் தரையை மிதிக்கும்.

தங்கையின் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. வாத்தியார் போர் நடந்த இடங்களுக்கு மாவும் மருந்தும் கொண்டுபோன லாரிகளோடு பல வருஷம் அலைந்தவர். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு துடைப்பக் கட்டையை வைத்துவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கட்டைதான் தடுப்புக் கம்பம், அவர்தான் துப்பாக்கிக்காரன். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து லாரிக்கு வழி கேட்க வேண்டும். கோபத்தைக் காட்டக் கூடாது. முதலில் அவன் நலத்தை விசாரி. அவன் மதிக்கிற ஒரு பெரிய மனிதரைப் பிடித்துப் பேசச் சொல். அவன் மானம் போகாமல் இறங்கிவர ஒரு படி போட்டுக் கொடு. இதில் தங்கைதான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. எத்தனை தடவை வைத்தாலும் துடைப்பக் கட்டையைத் தூக்க வைத்துவிடுவாள்.

இப்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பிட்டியா என்று கேட்டாயிற்று. மாமாவைப் பிடித்தாயிற்று. ஒரு பாடமும் படிக்காமல் ஒவ்வொரு படியாக அவன் சரியாக ஏறி வந்துகொண்டிருக்கிறான். அவள்தான் கட்டைக்குப் பின்னால் நிற்கிறாள். கட்டைக்குப் பின்னால் இருப்பவனுக்கு ஏதாவது ஒரு நியாயம் இருக்குமோ என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

மாமா அவள் காதருகே குனிந்தார்.

“நீ படிச்சதை நாளைக்கு எங்கெங்கேயோ போய் யார் யாருக்கோ செய்யப் போறே. சொந்த வீட்டுக்குச் செய்ய மாட்டியா? உட்கார வெச்சுப் பேசும்மா. அவர் பக்கம் என்னன்னு கேளு. கேக்கறதுல என்ன குறைஞ்சு போச்சு?”

மூன்றாம் படி, மானம் போகாமல் இறங்கிவர. அது மாமாவுக்கே தெரியாது. ஆனால் அவள் கை கொண்டியைத் தூக்கிவிட்டது.

முன்வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மாமாவே இழுத்துப் போட்டார். ஒரு பக்கம் அவனும் அவன் ஆட்களும். எதிரே அம்மா. நடுவில் தங்கை. தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றுகொண்டார்கள். திறந்திருந்த கதவு வழியே கூடத்துக் கட்டிலும் அக்காவின் பாதங்களும் தெரிந்தன.

“ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கிடக் கூடாது. ரெண்டு பக்கமும் பேசலாம். முதல்ல நீங்க” என்றாள் தங்கை. வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அவன் எழுந்து நின்றான். உட்கார்ந்து பேச அவனுக்குப் பழக்கமில்லை. நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதே என்றுதான் இங்கே கொண்டுவந்து விட்டதாகச் சொன்னான். அவள் நோவதைப் பார்க்கும் தைரியம் தனக்கு இல்லாமல் போனதாகவும், ராத்திரிகளில் போனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை அழுத்த முடியாமல் அழுததாகவும் சொன்னான். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினான். எங்கே குரல் உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையை எடுத்தாள். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பூ உதிரலாம். வாசம் உதிராது” என்று முடித்தான்.

தலைமையாசிரியர் ஒருவரின் பணி ஓய்வு விழாவில் இதே வாக்கியத்தை அவன் சொன்னது தங்கைக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்கா கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே செருகி, அதை அப்படியே சொல்லிக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது. அவனும்தான் சிரித்தான்.

இதை நினைக்கும்போதுதான் அவள் கவனித்தாள். தன் தலை ஆடிக்கொண்டிருக்கிறது. பேசுகிறவருக்கு, நாம் கேட்கிறோம் என்று தெரிய வேண்டும், அதனால் தலையசைத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆரம்பத்திலிருந்தே அவள் தலையாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தெருவே அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கழுத்தை ஒடித்துப் போடலாம் போல் இருந்தது அவளுக்கு.

“அடுத்து” என்றது வாய். எதிர்ப் பக்கம் திரும்பினாள்.

அம்மா குனிந்தாள். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். அப்புறம் மெல்லத் திரும்பிக் கதவு வழியே உள்ளே பார்த்தாள். மூத்தவள் எப்போது வாயைத் திறப்பாள், சுரீரென்று என்ன சொல்வாள் என்று காத்திருப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அத்தை பேச மாட்டாங்க. அவங்க மனசு எனக்குத் தெரியும்” என்றான் அவன், பெருந்தன்மையாக.

“அப்புறம் என்ன, முடிஞ்சுது. உள்ள வாங்க மாப்பிள்ளை” என்று மாமா எழுந்தார்.

“முடியலை மாமா” என்றாள் தங்கை. சத்தமாகச் சொல்லவில்லை. “அவ பக்கம் இன்னும் யாரும் பேசலை. ஆட்டோல வரும்போது எங்கிட்டச் சொன்னா. அம்மாவும் பக்கத்துலதான் இருந்தாங்க. ‘அந்தாளு அழணும்னா அவனுக்கு என் மூஞ்சி வேணும்டி. அதை வெச்சுத்தான் ஊர் முன்னாடி அழுவான். குடுத்துடாதே’ன்னா.”

சுவரோரம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவன் மட்டும் அசையவில்லை. மேடையில் மைக் கரகரத்தால் எப்படிப் பொறுமையாகக் காத்திருப்பானோ அப்படிக் காத்திருந்தான்.

“வலியில பேசியிருப்பா. வலி பேசினதை எல்லாம் அவ பேசினதா எடுத்துக்கலாமா?” என்றான். யாரோ உச்சுக் கொட்டினார்கள், அவனுக்காக.

“வலியில்லாம அவ என்ன பேசினான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் ஒரு போன்கூடப் பண்ணலையே.”

மாமா குறுக்கே வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, உண்மையாகவே புரியாத தவிப்புதான் இருந்தது. “என்னம்மா இது. நடுவுல உக்காந்தவ நீ. நீயே ஒரு பக்கம் பேசலாமா?”

“நான் நடுவுல இல்ல மாமா. நான் அவ தங்கச்சி.”

படிக்க வந்ததிலிருந்து யார் பக்கமும் சாயாதே என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாய்ந்தால் இரண்டு பக்கத்து நம்பிக்கையும் போய்விடும், அப்புறம் உன் லாரி எங்கேயும் போக முடியாது என்று வாத்தியார் சொல்வார். போகாவிட்டால் போகட்டும் என்று அவளுக்கு இருந்தது. இன்றைக்கு அவளிடம் லாரி எதுவும் இல்லை.

தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. மாமா உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரோரம் நின்றவர்கள் நகர்ந்தார்கள், நாற்காலிகள் இழுபட்டன, யாரோ செருப்பைத் தேடினார்கள். அந்தக் களேபரத்தில் பூ வளையம் முன்னே நகர ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் அவன். “ஒரே ஒரு நிமிஷம்தான், பார்த்துட்டுப் போயிடறேன்” என்று ஒவ்வொருவரிடமும் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே படியேறினான். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. சண்டை வேண்டாம் என்று நினைக்கிறவர்கள்தான்.

தங்கை ஓடவில்லை. அவனுக்கு முன்னால் உள்ளே போனாள், அவ்வளவுதான். அக்காவின் மார்பு வரைக்கும் போர்த்தியிருந்த பூப்போட்ட போர்வையின் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தாள். மோவாய், வாய், மூக்கு, கண்கள், நெற்றி. தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கட்டிலருகே வந்து நின்றான். போர்வையைப் பார்த்தான். முகம் அழுகைக்குத் தயாராகி, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பாதியிலேயே நின்றுபோனது. அவன் பின்னால் ஊர் நின்றது. பூ வளையத்தை வைக்க இடமில்லாமல் அந்த இரண்டு ஆட்களும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு நிமிஷம் விலக்கிக் காட்டேம்மா. கட்டினவர். வண்டி வந்து நிக்குது” என்றார் மாமா. குரல் கெஞ்சியது.

தங்கை நிமிரவில்லை. அப்போது கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. எப்போது உள்ளே வந்தாளோ, அம்மாவின் கை. போர்வையின் மறு விளிம்பை எடுத்து, தூங்கும் பிள்ளைக்குக் காற்று படாமல் செருகுவதுபோல, தலையணைக்கு அடியில் நன்றாகச் செருகியது. பிறகு அங்கேயே இருந்துவிட்டது.

வெளியே மறுபடி ஹாரன் அடித்தது. யாரும் கையை எடுக்கவில்லை. மாமா மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார், யாராவது ஒருவர் தன் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று. நீங்களும் அந்தக் கூடத்தில் நின்றிருந்து, அவர் பார்வை உங்கள் மேல் வந்து விழுந்திருந்தால், என்ன சொல்லியிருப்பீர்கள்?