பாலத்தடியில் மூன்று மணி

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் இதை எழுதும் பாடு இருந்திருக்காது.

திஸா ஆற்றுக்கு இக்கரை உக்ரைன், அக்கரை ஹங்கேரி. நான் வேனில் ஆட்களையும் சிகரெட்டையும் ஏற்றிப்போய், சலவைத்தூளோடு திரும்புகிறவன். எங்கள் ஊரில் இரண்டு நேரம் உண்டு. ஆபீசுக்கும் ரயிலுக்கும் தலைநகர் கீவ் நேரம். ஹங்கேரியர் வீடுகளில் அக்கரை நேரம், ஒரு மணி பின்னால். யார் மணி சொன்னாலும் "எந்த நேரம்?" என்று கேட்டுவிடுவோம்.

2

எர்ஷியின் கண்கள் ஆற்றைப்போல...

வேண்டாம். எர்ஷிக்கு ஐம்பது வயது, மூட்டுவலி. ஹங்கேரியக்காரி. ரயில்வே வேலைபார்க்கும் ருசின் இனத்துப் பெத்ரோவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அக்கரை அண்ணன் ஜூலா அவளோடு பேசுவதில்லை. "வீட்டுக் கடிகாரத்தையே கீவுக்கு மாத்திட்டா" என்பான்.

(பெத்ரோ இந்தக் கதையில் ஒன்றும் செய்வதில்லை. நிஜத்திலும் அப்படித்தான்.)

போன வாரம் ஜூலா என் வேன் ஜன்னலில் சாய்ந்தான். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நெஞ்சுல ஆபரேஷன். அதுக்கு முன்ன அவளைப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை மூணு மணி, எங்க பக்கத்துப் பாலத்தடி காப்பிக்கடை. அரை மணி இருப்பேன். வரலைன்னா விட்டுடு, திரும்பக் கேக்கமாட்டேன்."

சுங்க வரிசையில் ஐந்து மணி நேரம் நின்ற களைப்பு. நான் எந்த நேரம் என்று கேட்கவில்லை.

3

நான் சேதி சொன்னதும் எர்ஷி அண்ணனின் நேரத்துக்கே, அக்கரைக் கடிகாரத்தில் மூன்று மணிக்குப் போனாள். காப்பிக்கடைக்காரி மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டுக்கே வந்துட்டாரும்மா. தங்கச்சி ஊர்ல இப்ப மூணுன்னாரு. ரெண்டரைக்கு எந்திரிச்சுப் போயிட்டாரு."

ஜூலா வாழ்நாளில் முதல் தடவையாகக் கீவ் நேரம் பார்த்திருக்கிறான்.

முடிவு ஒன்று: அவள் அண்ணன் வீட்டுக்கே ஓடுகிறாள். (முப்பது கிலோமீட்டர். மூட்டுவலி. கதவு திறக்குமா என்பது வேறு.)

முடிவு இரண்டு: இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.

4

மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு நேற்று வேனுக்கு வந்தாள்.

"எந்த நேரம்னு கேட்டியாண்ணே?"

"இல்லம்மா. என் தப்புதான்."

"போய்ச் சொல்லு. நாளைக்கு விடிஞ்சதுலேர்ந்து இருட்டுறவரைக்கும் அந்தக் கடையிலேயே உக்காந்திருப்பேன். மணி மட்டும் சொல்லாதே."

விடிகாலை ரயிலில் பெத்ரோ அவளை ஏற்றிவிட்டான். (அவனைப்பற்றி எழுதியதை அடிக்க வேண்டும்.)

இன்று வியாழக்கிழமை. நாளைக்கு ஆபரேஷன். ஜூலா போனை எடுக்கவில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும். சுங்க வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது வண்டிகள். ஸ்டியரிங்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். முடிவு என் கையில் இல்லை. அந்த நாற்பதில் ஒரு வண்டி உங்களுடையது என்றால், கொஞ்சம் ஒதுங்கி எனக்கு வழி விடுங்கள்.