பெங்களூருக்குப் போனவள்

சந்திரலேகா சாமானியத்தில் யாரையும் நம்பமாட்டாள். வல்லம் வடகால் தொழிற்சாலையில் அவளுக்குப் பொருள்களைச் சோதிக்கும் வேலை. சரியாக இருப்பதைக்கூட திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் சம்பளம். ஷிப்ட் முடிந்த பிறகும் அந்தக் கண் மூடுவதில்லை.

வயது நாற்பத்து நான்கு. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, ஒரு அறக்கட்டளையின் முதுகலை உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறியாயிற்று. தண்டலத்தில் நேர்காணல் பாக்கி. இந்த முறை விட்டால் அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும், அவ்வளவுதான்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. பென்னலூர் மாடி வீட்டில் அவளோடு வாடகைக்கு இருந்த பெண்கள் எல்லாம் அவளில் பாதி வயதுக்காரிகள். சொன்னால் சிரிப்பார்கள். அதிலும் பேச்சிமேல் அவளுக்கு ஒரு சந்தேகக் கண். அதே அறக்கட்டளையின் பக்கத்தைப் பேச்சி தன் போனில் பார்த்துக்கொண்டிருந்ததைச் சந்திரலேகா ஒருநாள் பார்த்துவிட்டாள். கேட்டதற்கு, "சும்மா பாத்தேன்க்கா" என்று சிரித்து மழுப்பினாள். சும்மா பார்க்க அது என்ன சினிமாவா?

மற்றவர்களுக்கெல்லாம் நேர்காணல் தேதி வந்துவிட்டதாக இணையத்தில் பேச்சு. அவளுக்கு மட்டும் வரவில்லை. வயதான கட்டை என்று கழித்துவிட்டார்களோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவளை, வீட்டுக்காரி மரகதம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா லேகா, உன்னைத் தேடிகினு ஒரு ஆளு வந்துச்சே. டிப்டாப்பா இருந்தாரு. பேச்சிதான் இன்னாமோ பேசி அனுப்பிச்சுட்சு."

சந்திரலேகா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். வார விடுப்பில் இருந்த பேச்சி, துணி மடித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்.

"யக்கா, பயப்படாதீய. விரட்டி விட்டாச்சு. நீங்க இங்கதான் இருக்கியளா, கூட ஆரு ஆரு இருக்கா, நெசமாவே இந்த வயசுதானான்னு ஒரே கேள்வி. உங்க புருசன் வீட்டு ஆளுன்னு எனக்கு உடனே பிடிபட்டுட்டு. அவ கல்யாணம் முடிச்சு பெங்களூருக்குப் போயிட்டான்னு சொல்லிட்டேன். இந்தா, கார்டு ஒண்ணு தந்தாரு."

நம்பிராஜன் என்று பெயர் போட்டிருந்தது. கீழே அறக்கட்டளையின் பெயர். சந்திரலேகா கார்டைப் பேச்சியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தெரிஞ்சேதானே செஞ்ச? நீயும் அதுக்குப் போட்டிருக்க. என்னைக் கழிச்சா உனக்கு ஒரு இடம்!"

பேச்சியின் முகம் செத்துவிட்டது. "நான் போடலக்கா. அப்பா பேரு, சொந்த ஊரு எல்லாம் கேட்டிருந்தாவ. விசாரிக்க ஊருக்கு ஆளு போனா நான் இங்க இருக்கது அண்ணமாருக்குத் தெரிஞ்சிரும்லா? மூடிட்டேன். நீங்க போட்டிருக்கியன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

அந்த வீட்டில் இருந்த முக்கால்வாசிப் பேர் ஊரில் யாருக்கோ பயந்து தப்பி வந்தவர்கள். சந்திரலேகாவே புருஷனை விட்டு ஓடிவந்தவள்தான். யார் வந்து யாரைக் கேட்டாலும் 'கல்யாணம் முடிச்சு பெங்களூரு போயிட்டா' என்று சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். போன வருடம் பேச்சியின் அண்ணன்மார் வந்து நின்றபோது, படியை மறித்துக்கொண்டு அதைச் சொன்னவளும் அவள்தான்.

கார்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் குரல் கறாராக வந்தது.

"எந்தச் சந்திரலேகா? அவங்கதான் பெங்களூர் போயிட்டாங்களே."

அவள் தடுமாறி விளக்கினாள். அவர் இளகவில்லை.

"இந்த வயசுல தேறினது நீங்க ஒருத்தர்தான். வேற யாரோ உங்க பேர்ல எழுதியிருப்பாங்களோன்னு குழுவுக்குச் சந்தேகம். அதான் நேர்ல வந்தேன். அந்த முகவரியில அப்படி யாரும் இல்லைன்னு எழுதி வச்சிருக்கேன். மாத்தணும்னா அந்தப் பொண்ணு தன் பேரு, ஊரு சொல்லி, ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு விளக்கட்டும். பொய்யின்னு தெரிஞ்சா உங்க பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவோம்."

சந்திரலேகா போனைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய பாழாய்ப்போன சந்தேகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. கார்டு யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே!

"பேச்சி, இவன் உங்கண்ணன் அனுப்புன ஆளா இருந்தா? வேண்டாம்டி. வேற பேரு சொல்லு."

"பொய்யின்னு தெரிஞ்சா எடுத்துருவாவளாம்லா" என்று பேச்சி போனை வாங்கிக்கொண்டாள்.

"சார், என் பேரு பேச்சி. அப்பா பேரு மாரி. ஊரு களக்காடு. நான் மத்தியானம் சொன்னது பொய். என்னைத் தேடி ஆளு வந்தப்ப அக்கா சொன்ன பொய்யைத்தான் நானும் சொன்னேன். அக்கா எங்கயும் போகல. என் பக்கத்துலதான் நிக்காவ."

ஊர்ப் பெயரை இன்னொரு முறை கேட்டார். பேச்சி சொன்னாள்.

"சரிம்மா. திங்கக்கிழமை காலையில அவங்களைத் தண்டலம் வரச் சொல்லுங்க."

சந்திரலேகா பேச்சியின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, விறுவிறுவென்று கீழே இறங்கி மரகதத்தின் கதவைத் தட்டினாள்.

"யம்மா, இனிமே பேச்சியத் தேடி யாரு வந்தாலும் என்னைக் கூப்பிடுங்க. சந்திரலேகா இங்கதான் இருக்கான்னு சொல்லுங்க."