பதினாலாம் ரூமுக்கு ஒரே அப்பா

கம்ப்யூட்டர ஒழுங்கா நிறுத்துறதுக்கு முன்னாடி கரண்ட் போச்சுன்னா அந்த லேடீஸ் ஹாஸ்டல்ல நாலஞ்சு பிள்ளைகளுக்குப் பேரு போயிரும். அது ஆபீஸ் ரூம்ல இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டர். அதோட டிஸ்க்குலதான் ஹாஸ்டலே இருக்கு. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் பாக்குற பிலவேந்திரன் வந்து டிஸ்க்கச் சோதிச்சு ரிப்பேர் பண்ணுவாரு. பேரு போனவங்களுக்கு நெத்தியில நம்பர் ஒட்டி, மெஸ்ஸுக்குப் பக்கத்து ரூம்ல உக்கார வைப்பாங்க. தெரிஞ்சவங்க போயி, உள்ள என்ன இருக்குன்னு கேட்டு, பேரப் போட்டுக் கூட்டிட்டு வரணும்.

இதுக்கு ஒரே சட்டம்தான். சோதன நடக்கும்போது ஹாஸ்டலுக்குள்ள ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. எல்லாரும் தலகாணியத் தூக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிரணும்.

செவ்வாக்கெழம காலையில கரண்ட் போயி வந்தப்போ இசக்கி கிரவுண்டுக்குப் போகல. மூணாம் வருஷம் கெமிஸ்ட்ரி. அவ வாயத் தொறந்தா வார்டனே ரெண்டடி பின்னால போவாங்க. "என் ரெக்கார்டு நோட்ட யாரு எழுதுவா, ஒங்க டிஸ்க்கா"ன்னு கேட்டுட்டு, பதினாலாம் ரூம் கதவச் சாத்திக்கிட்டு எழுதிட்டே இருந்தா.

சோதன முடிஞ்சப்போ அவ ரூம்மேட் சுடலி மெஸ்ஸுப் பக்கத்து ரூம்ல இருந்தா. நெத்தியில 20481.

"ஏட்டி, உள்ள என்ன இருக்கு, சொல்லு"ன்னா இசக்கி.

"அப்பா இருக்காரு. ஆலங்குளத்துல பஞ்சர் கட. மழ பெஞ்சா எடது கால இழுத்து நடப்பாரு. தோசைக்குச் சீனி தொட்டுக்கிடுவாரு."

"அது எங்கப்பாட்டீ."

"இருக்கும். எனக்கும் அவருதான் இருக்காரு."

இசக்கி நேரா ஆபீஸ் ரூமுக்குப் போனா. பிலவேந்திரன் திரையிலேர்ந்து கண்ண எடுக்கல.

"ஒரு அப்பாவ ரெண்டு பேரு கேக்குதீங்க. நான் டிஸ்க்குல எழுதும்போது நீ ரூமுக்குள்ள எழுதிட்டு இருந்திருக்க. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துட்டு. இன்னொரு அப்பா அழிஞ்சிட்டாரு. மிச்சம் இருக்கிறவரு யாருக்குள்ளவருன்னு இனி தெரியாது. அத முடிவு பண்ணாம அந்தப் பிள்ளைக்குப் பேரும் ஒட்டாது."

"நகலெடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுங்கண்ணே."

"எடமில்ல. மெஸ் மெனுவே பாதி டிஸ்க்க அடச்சிட்டுக் கெடக்கு."

"தெனமும் கத்திரிக்கா கொழம்புதான, அதுக்கு எதுக்கு அவ்வளவு எடம்? விடுங்க. ரெண்டு நாள் லீவுக்குக் கூட்டிட்டுப் போக அவரு நாலு மணிக்கு வருவாரு. அவருட்டயே கேளுங்க."

"அவருட்ட என்னத்தக் கேக்க? இங்க யாருக்குப் போடுதோமோ அவளுக்குத்தான் அவரு அப்பா. நாலுக்குள்ள சொல்லலன்னா ரெண்டு பேருக்கும் இல்ல."

இசக்கி மூணே முக்கா வரைக்கும் சண்ட போட்டா. அவரு தனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுத்ததச் சொன்னா. அந்தப் பிள்ளையும் அதயேதான் சொல்லுச்சுன்னாரு பிலவேந்திரன். முட்டியில இருந்த தழும்பக் காட்டினா. அவளுக்கும் அதே முட்டிதான்னாரு.

திரும்பி வந்து பாத்தா 20481 செவத்தப் பாத்து உக்காந்திருந்துச்சு.

"நீயே வச்சுக்கிடு, இசக்கி. என் தலகாணி கிரவுண்டுல கெடக்கு, அத மட்டும் எடுத்துக் குடு. மழ வருது."

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வெளிய போனவ அவ. இசக்கி கிரவுண்டுக்குப் போயி ஈரத் தலகாணிய எடுத்துக் குடுத்தா. அப்புறம் ஆபீஸ் ரூமுக்குப் போயி, "அவளுக்கே போடுங்க"ன்னா.

நாலு மணிக்கு அவரு எடது கால இழுத்துக்கிட்டே வந்தாரு. சுடலி பைய எடுத்துக்கிட்டு அவரு கொடைக்குள்ள போயி நின்னா. அவரு இசக்கியப் பாத்தாரு.

"கூடப் படிக்கிற பிள்ளையா? சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன், அண்ணாச்சி."

அவங்க பஸ் ஏறுற வரைக்கும் பாத்துட்டு உள்ள வந்தா. பிலவேந்திரன் வயரச் சுருட்டிக்கிட்டு இருந்தாரு.

"ஒன் அப்பா எடத்தக் காலியா விட்டா அடுத்த சோதனையில ஒன்னையும் தூக்கிரும். மாடிப்படி யாருக்கும் சொந்தமில்லாமக் கெடந்துச்சு. அதப் போட்டிருக்கேன்."

"சரிண்ணே."

ஞாயித்துக்கெழம மத்தியானம் மாடிப்படி மிக்சர் பொட்டலத்தோட ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னுச்சு. எளச்சுப் போயிட்டியேன்னு கேட்டுச்சு. இசக்கி அதோட கடைசிப் படியில உக்காந்து பொட்டலத்தப் பிரிச்சா. மேல்மாடிப் பிள்ளைக எறங்க வழியில்லாம, அஞ்சு மணிக்குப் பெத்தவங்க வந்து பாக்குற நேரம் முடியட்டும்னு மேலயே காத்துக்கிட்டு இருந்தாங்க.