பொடிக்குள் வெந்த பல்சக்கரம்

என் மனைவியின் தையல் மெஷினில் பல்சக்கரம் உடைந்துவிட்டது. பழைய மெஷின், அந்தச் சக்கரம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. விடுதிக்குத் தைக்கும் திரைச்சீலைகள் பாதியில் நின்றன. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் விடுதிக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

"பொடியை உருக்கி என்னென்னமோ செய்யிறீங்களே, இதைச் செய்ய மாட்டீங்களா?" என்றாள்.

நான் பார்ப்பது, பிளாஸ்டிக் பாகங்கள் அச்சிடும் பட்டறையில் பொடி சலிக்கும் வேலை. அங்குள்ள அச்சு மெஷின் பிளாஸ்டிக் பொடியைத் தாள் கனத்துக்குப் பரப்பும். லேசர் ஒளி வேண்டிய இடத்தை மட்டும் சுட்டு ஒட்டவைக்கும். அதன்மேல் அடுத்த படலம். கடைசியில் பொடிக்கட்டியை உடைத்துப் பொருளை எடுப்பேன். சுடாத பொடியைச் சலித்துப் புதுப்பொடியோடு கலப்பேன். முதுகு விட்டுப்போகும். "வீட்டுல ஒருநாளாவது மாவு சலிச்சிருப்பீங்களா?" என்று அவள் குத்திக்காட்டாத நாளில்லை.

பட்டறை எஞ்சினியரம்மா, நான் கொண்டுபோன உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தார். "பழைய பொடி எவ்வளவு கலந்தா பொருள் தாங்கும்னு சோதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். அதுலயே ஒரு ஓரமா உங்க சக்கரமும் வேகட்டும் அண்ணே."

எனக்கு உதவும் அவசரத்தில், மெஷினின் பொடிப்பெட்டியை அது ஆறுமுன்னே திறந்துவிட்டார். சக்கரம் வெயிலில் கிடந்த செருப்பாக வளைந்திருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

வியாழக்கிழமை மறுபடி ஒன்று வைத்தார். மெஷின் ஓய்ந்த நேரம் மனைவி பட்டறைக்கே வந்து நின்றாள்.

"ஆயிடுச்சா?"

"வெந்துடுச்சு. காலை வரைக்கும் ஆறணும்."

எஞ்சினியரம்மாவின் கை கதவுப்பிடிக்குப் போனது. "அக்கா, வேணும்னா இப்பவே..."

"கைய எடும்மா! ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா? துணியெல்லாம் வெட்டி வெச்சுட்டேன். காலையில சக்கரத்தைக் குடு, சாயங்காலம் திரைச்சீலை போயிடும். என் கை வேகம் உனக்குத் தெரியாது."

காலையில் கட்டியை உடைத்து, தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தேன். கண்ணாடிமேல் வைத்தால் சக்கரம் ஆடவில்லை. எஞ்சினியரம்மா அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அந்தக் கலவை இருந்த டப்பாவின் மூடியில் 'தாங்கும்' என்பதற்கு அடையாளமாகப் பச்சை வட்டம் போட்டார்.

தையல் மெஷினின் கறுத்த இரும்புகளுக்கு நடுவே வெள்ளைச் சக்கரம் சிக்காமல் சுழன்றது. இருட்டுமுன் திரைச்சீலைகள் விடுதி போய்ச் சேர்ந்தன.

"இன்னும் ரெண்டு செய்யச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"ஏன், இது தாங்காதுன்னு பயமா?"

"தாங்கும். அதனாலதான் பக்கத்துத் தெருத் தையல்காரிங்க ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்துட்டேன்."

நான் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாக்குக் கொடுத்தவள் அவள். பொடி சலிப்பவன் நானல்லவா!